இரண்டு நாற்காலிகள்: குமாரசாமி ராஜாவும் ஆளுநர் என்னும் பதவியும்

1. ஒரு சொல், இரண்டு பதவிகள்

பசுவந்தனை டீக்கடையில் நாளிதழைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் கேட்டார்: “ஏன் தம்பி, அமெரிக்காவுல ஒரு கவர்னர் சட்டத்தை நிறுத்திட்டாருன்னு போட்டிருக்கான். அந்த ஊரு சனம் ஓட்டுப் போட்டுத்தான் அவரைக் கொண்டாந்துச்சாம். இங்கயுந்தான் கவர்னர் நிறுத்துறாரு. அவருக்கு யாரு ஓட்டுப் போட்டா?”

கேள்வி சரியானது. அமெரிக்க மாநிலத்தின் கவர்னரையும் நம் மாநிலத்தின் கவர்னரையும் தமிழில் ஒரே சொல்லால் குறிக்கிறோம். அங்கே அவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். பெரும்பாலான மாநிலங்களில் அவரது பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். ஆட்சி நடத்துவதும், வரவு செலவுத் திட்டம் வகுப்பதும், சட்டமன்றம் அனுப்பும் மசோதாவை மறுப்பதும் அவரே. இங்கே அந்தப் பதவியை இரண்டாகப் பிளந்து இரண்டு பேரிடம் கொடுத்திருக்கிறோம். ஆட்சி முதலமைச்சரிடம் இருக்கிறது. கையெழுத்தும் மாளிகையும் ஆளுநரிடம் இருக்கின்றன.

இந்த இரண்டு பாதிகளிலும் அமர்ந்து பார்த்தவர்கள் சிலர் உண்டு. அவர்களில் நம் பக்கத்துக்காரர் ஒருவர்: ராஜபாளையம் பி. எஸ். குமாரசாமி ராஜா. 1949 ஏப்ரல் 6 முதல் 1952 ஏப்ரல் 10 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். 1954 பிப்ரவரி முதல் 1956 செப்டம்பர் வரை ஒரிசாவின் ஆளுநர். இந்தியா குடியரசான 1950 ஜனவரி 26 அன்று சென்னை மாநிலத்தை ஆண்டவர் இவர்தான். ஆனாலும் கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று கரிசலில் எங்கே நின்று பழைய முதல்வர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலும் விருதுநகர் காமராசரின் பெயர் வருமே தவிர, அதே மாவட்டத்தில் அவருக்கு முன்பே முதல்வராகிவிட்ட ராஜபாளையத்துக்காரரின் பெயர் வருவதில்லை.

இக்கட்டுரை கேட்பது ஒரே கேள்வி. குமாரசாமி ராஜாவின் மூன்றாண்டு ஆட்சியை எதைக் கொண்டு மதிப்பிடுவது? தனிவாழ்வின் தூய்மையைக் கொண்டா, கட்சிக்குள் அவருக்கிருந்த இடத்தைக் கொண்டா, அவருடைய அரசு குடிமக்கள் மேல் செலுத்திய அதிகாரத்தைக் கொண்டா?

2. நிலவும் சித்திரங்கள்

அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இரண்டு சித்திரங்கள் தென்படுகின்றன. முதலாவது, காந்தியரின் சித்திரம். எளிமையானவர், கை சுத்தமானவர், தம் வீட்டையே பொதுப் பயனுக்குக் கொடுத்தவர். ராஜபாளையத்தின் காந்தி கலை மன்றம் இதற்குச் சாட்சி. பாராட்டுரைகளிலும் நினைவு மலர்களிலும் காணப்படுவது இந்தச் சித்திரமே. இது பொய்யல்ல. ஆனால் ஒரு மனிதர் வீட்டைக் கொடுத்தார் என்பதிலிருந்து அவருடைய அரசு எப்படி நடந்தது என்று ஊகித்துவிட முடியாது.

இரண்டாவது, இடைக்கால மனிதரின் சித்திரம். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் கட்சிக்காரர்களின் தலையீட்டுக்கு வளைந்து கொடுக்காததால் பதவி இழந்தார். தமிழ்நாடு காங்கிரஸ் காமராசரின் கையில் இருந்தது. அவருடைய ஆதரவோடு ராஜா வந்தார். பிறகு ராஜாஜி வந்ததும் போனார். அரசியல் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கும் இடம் இந்த இரண்டு வரிதான். இதிலும் உண்மை இருக்கிறது. 1946 மே முதல் 1949 ஏப்ரல் வரையிலான மூன்றாண்டுக்குள் பிரகாசம், ஓமந்தூரார், ராஜா என மூன்று பேர் முதல்வரானார்கள். சட்டமன்றக் காங்கிரஸ் கட்சிக்குள் கைகள் உயர்ந்ததும் தாழ்ந்ததுமே அதற்குப் போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் பதவியிலுள்ள ஒரு கவர்னரை அகற்ற வேண்டுமானால் சட்டமன்றத்தின் பதவிநீக்க விசாரணையோ, சில மாநிலங்களில் வாக்காளர்களே திரும்ப அழைப்பதோ வேண்டும். 1921இல் வடக்கு டகோட்டாவின் லின் ஃபிரேசியர் அப்படித் திரும்ப அழைக்கப்பட்டது அங்கே பெருஞ்செய்தியானது. இங்கே ஒரு மாலைக் கூட்டத்தில் காரியம் முடிந்துவிடும்.

இவ்விரு சித்திரங்களும் தவறவிடும் மூன்றாவது ஒன்று உண்டு. அதில் ராஜாவின் பெயர் கிடையாது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் வழக்குகளின் தலைப்பில் ‘சென்னை மாநிலம்’ என்ற எதிர்த்தரப்பாக மட்டும் அது நிற்கிறது. என் வாதம் அந்தப் பெயரில்லாத சித்திரத்தைச் சுற்றியே அமைகிறது.

3. ராஜபாளையத்திலிருந்து கோட்டைக்கு

1898 ஜூலை 8 அன்று ராஜபாளையத்தில் பிறந்தார். பிறந்த சில நாளிலேயே தாயையும், மூன்று வயதில் தந்தையையும் இழந்தவர்; பாட்டியிடம் வளர்ந்தார். ராஜபாளையத்து ராஜுக்கள் விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்து நிலைத்த தெலுங்கு பேசும் குடியினர். கரிசல்காட்டுக்காரர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழுமாக வாழ்ந்த குடும்பங்கள் இடைசெவலிலிருந்து எட்டயபுரம் வரை உண்டு. ஆனால் இந்த இருமொழித் தன்மை பிற்காலத்தில் அவரை ஒரு சிக்கலான மேசையின் தலைமாட்டில் உட்கார வைத்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

காந்தியின் ஈர்ப்பால் காங்கிரசுக்கு வந்தவர். உள்ளாட்சியில் தொடங்கி, 1934இல் மத்தியச் சட்டசபைக்கும் 1937இல் சென்னைச் சட்டசபைக்கும் சென்றார். விடுதலைப் போரில் சிறை கண்டவர். 1946இல் பிரகாசத்தின் அமைச்சரவையில் அமைச்சரானார். இந்த ஏணியில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இதுவரை அவர் சந்தித்த தேர்தல்கள் எல்லாம் சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்கு மட்டும் வாக்குரிமை இருந்த தேர்தல்கள். அவரை முதல்வராக்கிய சட்டமன்றமும் 1946இல் அப்படிப்பட்ட வாக்காளர்களால் அமைந்ததே. பசுவந்தனை மானாவாரிக் காட்டில் பருத்தி எடுத்த பெண் எவருக்கும் அவரைத் தேர்ந்தெடுக்கவோ மறுக்கவோ 1952 வரை வாய்ப்பு வரவில்லை.

4. 1949 மே: கைவிடப்பட்ட அமெரிக்க வழி

ராஜா பதவியேற்ற எட்டாவது வாரத்தில் டெல்லியில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. அதன் விளைவை நாம் இன்றும் அனுபவித்து வருகிறோம்.

மாகாண அரசியலமைப்பு பற்றி ஆராய வல்லபாய் படேல் தலைமையில் அமைந்த குழு, ஆளுநரை வயது வந்தோர் அனைவரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1947இல் பரிந்துரைத்தது. அரசியல் நிர்ணய சபையும் அதை ஏற்றது. அதாவது, அமெரிக்க வகை ஆளுநர் நம்முடைய முதல் திட்டத்திலேயே இருந்தார்! 1948 பிப்ரவரியில் வெளியான வரைவு, நேரடித் தேர்தலோடு மாற்று வழியாக இன்னொன்றையும் வைத்தது: சட்டமன்றம் நால்வரைப் பரிந்துரைக்க, அவர்களில் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பது. 1949 மே 30, 31 தேதிகளில் நடந்த விவாதத்தில் இரண்டு வழிகளும் கைவிடப்பட்டன. குடியரசுத் தலைவரே நேரடியாக நியமிப்பார் என்று முடிவாயிற்று.

காரணங்கள் அற்பமானவை அல்ல. மக்கள் வாக்குப் பெற்ற ஆளுநரும், சட்டமன்றப் பெரும்பான்மை பெற்ற முதல்வரும் ஒரே மாநிலத்தில் இருந்தால் இருவரும் மோதாமல் இருக்க முடியாது. பிரிவினையின் இரத்தம் காயாத நேரம். மாகாணங்கள் தனிவழி போய்விடுமோ என்ற அச்சமும் இருந்தது. நேரு நியமனத்தை ஆதரித்தார். ஆளுநருக்குச் சொந்த விருப்பப்படி செய்யக்கூடிய காரியம் மிகக் குறைவு, ஆகவே அவர் எப்படி வருகிறார் என்பது பெரிய விஷயமில்லை என்ற வாதத்துக்கும் அங்கே செல்வாக்கு இருந்தது. இந்த வாதம் அவ்வளவு உறுதியானதல்ல என்பது மூன்று ஆண்டுகளுக்குள் சென்னையிலேயே தெரிந்துவிட்டது.

ராஜாவின் காலத்தில் சென்னையின் ஆளுநராக இருந்தவர் பவநகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி. தம் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்துவிட்டு வந்தவர். அடையாளச் சம்பளமாக ஒரு ரூபாய் பெற்றவர் என்ற புகழ் அவருக்கு உண்டு. பெயரில் மட்டும் ராஜாவாக இருந்தவர் கோட்டையில் ஆட்சி செய்ய, நிஜமான மகாராஜா கிண்டியில் கையெழுத்திட்டுக் கொண்டிருந்தார். இந்த வேடிக்கையை அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர் எவராவது ரசித்திருப்பார்.

5. தோற்ற வழக்குகள்

இந்தியக் குடியரசின் முதல் ஆண்டுகளில் அடிப்படை உரிமைகளின் பொருளை வரையறுத்த பெரிய தீர்ப்புகளை எண்ணிப் பாருங்கள். ஏ. கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம். ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம். சென்னை மாநிலம் எதிர் செண்பகம் துரைராஜன். சென்னை மாநிலம் எதிர் வி. ஜி. ராவ். நான்கிலும் ஒரு தரப்பு குமாரசாமி ராஜாவின் அரசு. கோபாலன் வழக்கில் ஓரளவு வென்றது. மற்ற மூன்றிலும் தோற்றது.

கோபாலன் கம்யூனிஸ்ட் தலைவர். மலபார் அப்போது சென்னையின் ஒரு மாவட்டம். விசாரணையில்லாக் காவலில் இருந்த அவர், 1950ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டமே செல்லாது என்று உச்சநீதிமன்றத்துக்குப் போனார். 1950 மே 19 அன்று நீதிமன்றம், ஒரு பிரிவைத் தவிர மற்றபடி அச்சட்டம் செல்லும் என்றது. தனிமனித சுதந்திரம் பற்றிய அந்தக் குறுகிய பார்வையிலிருந்து நீதிமன்றம் முழுதாக விடுபட 1978இன் மேனகா காந்தி வழக்கு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரமே, மே 26 அன்று, தாப்பர் தீர்ப்பு வந்தது. பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையக்கூடாது என்று அரசு மார்ச்சில் தடை போட்டிருந்தது. அதற்குக் கையாண்ட கருவி 1949ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குச் சட்டம். பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பு அனுமதித்த காரணங்களுக்குள் ‘பொது ஒழுங்கு’ என்ற பரந்த காரணம் அடங்காது என்று பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அந்தப் பிரிவைத் தள்ளியது. ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டு, அரசின் பக்கம் நின்றார். அவர் பெயர் ஃபசல் அலி. இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தமிழ்நாட்டின் சமூக வரலாற்றில் ஆழமாகப் பதிந்த வகுப்புவாரி அரசாணை வழக்கு. நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கிய அந்த ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு 14 கல்லூரி இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரிக்கப்பட்டிருந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1950 ஜூலையில் இதைச் செல்லாதென்றது. மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று அதை உறுதி செய்தது. இதில் ராஜா அரசின் நடத்தையைத் தனித்துப் பார்க்க வேண்டும். உயர்நீதிமன்றத் தீர்ப்போடு கைகழுவி விட்டிருக்கலாம். காங்கிரசுக்குள் அதை விரும்பியவர்களும் உண்டு. அரசு மேல்முறையீடு செய்தது. தோற்ற பிறகும் விடவில்லை. வெளியே பெரியார் தலைமையில் கிளர்ச்சி மூண்டது. உள்ளிருந்து மாநிலக் காங்கிரசின் அழுத்தம் டெல்லியை எட்டியது. 1951 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம், பிற்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று 15(4) பிரிவைச் சேர்த்தது. அதே ஆண்டில் சென்னை அரசு பிற்பட்டோருக்கு 25 விழுக்காடு ஒதுக்கிப் புதிய ஆணை பிறப்பித்தது. கிளர்ச்சி செய்தவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். வழக்கை நடத்திய அரசைப் பற்றி எழுதவில்லை.

ஆனால் அதே திருத்தத்தின் இன்னொரு பக்கம் இருக்கிறது. தாப்பர் வழக்கில் நீதிமன்றம் மறுத்த ‘பொது ஒழுங்கு’ என்ற காரணமும் அதே நாளில் 19(2) பிரிவுக்குள் நுழைந்தது. இடஒதுக்கீட்டுக்கு அரண் தந்த திருத்தமும் பேச்சுரிமையைச் சுருக்கிய திருத்தமும் ஒன்றே. இரண்டுக்கும் விதை போட்ட வழக்குகள் ஒரே அரசின் வழக்குகள். ஒன்றைக் கொண்டாடி மற்றதை மறப்பது நம் வசதிக்காக மட்டுமே.

நான்காவதாக வி. ஜி. ராவ் வழக்கு. சென்னை வழக்கறிஞரான அவர் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தை அரசு 1950 மார்ச்சில் சட்டவிரோத அமைப்பு என்று அறிவித்தது. உயர்நீதிமன்றமும் பிறகு உச்சநீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்த நாள் 1952 மார்ச் 31. ராஜா கோட்டையை விட்டுக் கிளம்ப அப்போது பத்து நாள் இருந்தது.

6. கரிசலில் விழுந்த நிழல்

வழக்குப் புத்தகங்களுக்கு வெளியே நடந்தவை இன்னும் கடுமையானவை. 1949 செப்டம்பரில் சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். குடியரசு பிறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. சிறைக்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால், அரசின் பொறுப்பில் இருந்தவர்கள் அவர்கள். முதல்வர் தாமே சிறையில் இருந்து வந்தவர் என்பது இந்தச் செய்தியை மேலும் கனமாக்குகிறது.

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில்தான் கோவில்பட்டியும் ஓட்டப்பிடாரமும் பசுவந்தனையும் இருந்தன. கம்யூனிஸ்டுகள் மீது தொடரப்பட்டு, நெல்லைச் சதி வழக்கு என்று பெயர் பெற்ற வழக்கு இந்த மண்ணில்தான் நடந்தது. 1949 டிசம்பரில் பிடிபட்ட ஆர். நல்லகண்ணு ஆயுள் தண்டனை பெற்று 1956 வரை சிறையில் கிடந்தார். கி. ராஜநாராயணனும் அந்த நாட்களில் விவசாய இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை கண்டவர். கரிசல் இலக்கியம் என்று நாம் இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதன் தகப்பனார், ராஜாவின் ஆட்சிக் கண்ணில் ஒரு சந்தேகப் பேர்வழி!

அரசின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். 1948இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் போராட்ட வழியை ஏற்றது கற்பனை அல்ல. தெலங்கானாவில் நடந்த போர் சென்னையின் ஆந்திர மாவட்டங்களுக்குள்ளும் பரவியது. எந்த அரசும் கைகட்டி நிற்காது என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆயுதம் ஏந்தியவரைப் பிடிப்பது ஒன்று. ஒரு வார இதழைத் தடுப்பதும் ஒரு கல்விச் சங்கத்தை மூடுவதும் வேறு. இந்த வேறுபாட்டை நீதிமன்றம் கண்டது. அரசு காணவில்லை.

இதே மூன்றாண்டில்தான் கரிசலின் நில உறவும் மாறியது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஓமந்தூராரின் சாதனை. அது 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம். ஆனால் அதற்கு ஒப்புதல் கிடைத்தது 1949 ஏப்ரலில், ஆட்சி கைமாறிய தறுவாயில். ஜமீன்களைக் கையகப்படுத்துவது, நிலத்தை அளப்பது, இழப்பீட்டைக் கணக்கிடுவது, ரயத்துவாரிப் பட்டாவுக்கு மாற்றுவது ஆகிய வேலைகளைத் தொடங்கியது ராஜாவின் அரசு. எட்டயபுரம் ஜமீனுக்கு வாரம் அளந்தே தேய்ந்த கரிசல் கிராமங்களுக்கு, குத்தகை ரசீது பட்டாவாக மாறத் தொடங்கிய காலம் அது. சட்டம் போட்டவரின் பெயர் நிலைக்கிறது. சங்கிலி பிடித்து அளந்த அரசின் பெயர் நிலைப்பதில்லை.

பட்டா வந்தாலும் மழை வரவில்லை. 1947 தொடங்கித் தொடர்ந்து பருவமழை பொய்த்த ஆண்டுகள் அவை. கம்பும் சோளமும் பருத்தியும் வானத்தை நம்பியே விளையும் இந்த மண்ணில் அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ரேஷன், தானியக் கொள்முதல், ஊர் விட்டு ஊர் தானியம் கொண்டுபோகத் தடை ஆகியவை குடியானவனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே சமயத்தில் கசந்தன. ராஜாஜி 1952 ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிப் பெயர் தட்டிக்கொண்டார். கட்டுப்பாட்டின் கெட்ட பெயர் முழுவதும் ராஜாவின் கணக்கில் எழுதப்பட்டது.

7. பிரிவினைக் குழுவின் தலைமாட்டில்

1949 ஏப்ரலில் நேரு, படேல், பட்டாபி சீதாராமையா மூவர் குழு, ஆந்திர மாகாணம் அமைக்கலாம், ஆனால் சென்னை நகரின் மீதான உரிமையைத் தெலுங்கர்கள் விட்டுவிட வேண்டும் என்ற பொருளில் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து சொத்தையும் கடனையும் பிரிக்க அமைந்த பிரிவினைக் குழுவுக்குத் தலைவர் குமாரசாமி ராஜா. வீட்டில் தெலுங்கு பேசும் தமிழ்நாட்டுக்காரரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது தற்செயல்தான் என்றாலும், பொருத்தமானது. குழுவில் இருந்த பிரகாசம் சென்னை நகர் பற்றி மறுப்புக் குறிப்பு எழுதினார். ஒருமித்த முடிவு இல்லை என்று டெல்லி காரியத்தைக் கிடப்பில் போட்டது. 1951இல் சுவாமி சீதாராமின் 35 நாள் உண்ணாவிரதம் நடந்தது. 1952 டிசம்பர் 15 அன்று, அதே கோரிக்கைக்காக உண்ணாவிரதமிருந்த பொட்டி ஸ்ரீராமுலு உயிர் துறந்தார். 1953 அக்டோபர் 1 அன்று, சென்னை நகர் இல்லாமல், ஆந்திரா பிறந்தது. ஏறத்தாழ 1949இல் வரைந்த கோட்டிலேயே காரியம் முடிந்தது. இடையில் ஓர் உயிரும் நான்கு ஆண்டும் போயின.

8. முதல் முறையாக எல்லோரும் வாக்களித்தபோது

1952 தொடக்கத்தில் வயது வந்தோர் எல்லோரும் வாக்களித்தார்கள். சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152தான் கிடைத்தது. முதல்வர் ராஜாவே தோற்றார். அமைச்சர்கள் பலரும் தோற்றார்கள். இரண்டாண்டுக்கு முன் தடை செய்யப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களுடன் சட்டமன்றத்தின் இரண்டாவது பெரிய கட்சியாக உள்ளே வந்தது. ராஜாவின் மூன்றாண்டைப் பற்றி வாக்காளர்கள் எழுதிய தீர்ப்பு இது. கோவில்பட்டித் தொகுதி பிற்காலத்தில் கம்யூனிஸ்டுகளைப் பலமுறை சட்டமன்றத்துக்கு அனுப்பியதும் இதன் தொடர்ச்சியே என்று கருதுகிறேன்.

எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து பிரகாசத்தின் தலைமையில் ஆட்சி கோரின. புதிதாக வந்த ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலில் நிற்கவே செய்யாத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்தார். ஆளுநருக்குச் சொந்த விருப்பம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்று 1949 மேயில் நம்பியவர்களுக்குக் கிடைத்த பதில் இது.

கடலுக்கு அப்பால் ஓர் ஒப்பீடு. ராஜா சென்னையை ஆண்ட அதே ஆண்டுகளில், 1949 ஜனவரி முதல் 1953 ஜனவரி வரை, இலினாய் மாநிலத்தின் கவர்னர் அட்லாய் ஸ்டீவன்சன். அங்கேயும் கம்யூனிஸ்ட் பீதி உச்சத்தில் இருந்தது. நாசவேலைத் தடுப்பு என்ற பெயரில் பிராய்ல்ஸ் மசோதாவை மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது, 1951 ஜூனில் அவர் அதை மறுத்தார். சென்னையின் ஒழுங்குச் சட்டப் பிரிவை நீதிமன்றம் தள்ளியது. இலினாயின் மசோதாவைக் கவர்னரே தள்ளினார். ஒப்பீட்டை மிகைப்படுத்தக் கூடாது. ஸ்டீவன்சனின் எல்லையில் தெலங்கானா இல்லை, ரேஷன் இல்லை, பிரியத் துடிக்கும் பாதி மாகாணம் இல்லை. இருந்தாலும் வாக்காளரிடம் நேரடியாகப் பெற்ற பதவி ஒருவருக்குத் தம் சட்டமன்றத்தையே எதிர்த்து நிற்கும் முதுகெலும்பைத் தரக்கூடும் என்பதற்கு இது உதாரணம். கட்சிக்குள் ஒரு மாலைக் கூட்டம் தந்த பதவியில் இருந்த ராஜாவிடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

9. ஒரிசா: இரண்டாவது நாற்காலி

தோற்றவருக்கு இரண்டாண்டு கழித்து ராஜ்பவன் கிடைத்தது. தேர்தலில் தோற்ற மூத்த காங்கிரஸ்காரர்களை ஆளுநராக்கும் வழக்கம் இப்படித்தான் வேர்விட்டது. பின்வந்த எல்லாக் கட்சிகளும் அதைப் பின்பற்றின.

ஒரிசாவில் ராஜாவுக்கு முன் ஆளுநராக இருந்தவர் ஃபசல் அலி. தாப்பர் வழக்கில் சென்னை அரசின் பக்கம் நின்ற ஒரே நீதிபதி. கோபாலன் வழக்கிலோ தனிமனித சுதந்திரத்தின் பக்கம் நின்று மாறுபட்டவர். ராஜாவின் அரசை ஆதரித்தும் எதிர்த்தும் நின்ற அந்த நீதிபதி, மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் தலைவராகப் புறப்பட்டுப் போனதும், காலியான நாற்காலிக்கு ராஜா வந்தார். 1955இல் வெளிவந்த அந்த ஆணையத்தின் அறிக்கை சராய்கேலா, கர்சுவான் பகுதிகளை ஒரிசாவுக்குத் தராததால் 1956 ஜனவரியில் கட்டக்கிலும் பூரியிலும் கலவரம் வெடித்தது. எல்லைச் சண்டையை ஏற்கனவே ஒருமுறை முதல்வராக இருந்து பார்த்தவர் இம்முறை ஆளுநராக இருந்து பார்த்தார். முடிவெடுக்கும் வேலை முதல்வர் நபகிருஷ்ண சௌத்ரியுடையது.

இந்த இரண்டரை ஆண்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்தப் பதவி அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. 1956 செப்டம்பரில் விலகி, 1957 மார்ச்சில் காலமானார்.

10. மதிப்பீடு

காந்தியர் சித்திரம் அவருடைய குணத்தைச் சொல்கிறது; ஆட்சியை மறைக்கிறது. இடைக்கால மனிதர் என்ற சித்திரம் கட்சியைச் சொல்கிறது. அவருடைய அரசு செய்தவற்றையும் செய்த தவறுகளையும் காமராசர், ராஜாஜி என்ற இரண்டு பெரிய நிழல்களுக்குள் தள்ளிவிடுகிறது. வழக்கேடுகளை வைத்துப் படித்தால் கிடைப்பவர் வேறொருவர். இடஒதுக்கீட்டுக்காக உச்சநீதிமன்றம் வரை போய், தோற்று, அந்தத் தோல்வியால் அரசியலமைப்பையே திருத்த வைத்த அரசின் தலைவர். அதே கையால் எதிர்க்கருத்தை நசுக்கிய அரசின் தலைவரும் அவரே. இரண்டையும் சேர்த்து எழுதும் வாழ்க்கை வரலாறு தமிழில் வேண்டும். ராஜபாளையத்தின் வீட்டுக் காகிதங்களிலிருந்தும் ஆவணக் காப்பகத்தின் அரசாணைகளிலிருந்தும் அதை எழுத ஓர் இளம் ஆய்வாளர் முன்வர வேண்டும்.

சென்னையில் அமைச்சர்களின் வீடுகள் வரிசையாக நிற்கும் கிரீன்வேஸ் சாலைக்கு இப்போதைய பெயர் பி. எஸ். குமாரசாமி ராஜா சாலை. அந்தச் சாலையின் 143ஆம் எண் கட்டடத்தில்தான் மாநில மனித உரிமை ஆணையம் இயங்குகிறது.